ஒரு போர்டு, இரண்டு நேரலை

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தெருவில் கேரம் போட்டி வைக்கிறோம். யூடியூப், ஃபேஸ்புக் இரண்டிலும் ஒரே நேரத்தில் லைவ் போகணும். இரண்டு லேப்டாப் வேண்டும் என்கிறார் ஒருவர். ஒரே லேப்டாப்பில் இரண்டுக்கும் அனுப்பினால் படம் மங்கிவிடும் என்கிறார் இன்னொருவர். எது சரி?"

2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வென்று திரும்பிய வட்டாரம் இது. தெருமுனை ஆட்டத்தையும் ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் அந்த இரண்டு பதிலும் தவறு. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்கும். டிஜிட்டல் நகல் மங்காது. படம் தரம் இழப்பது சுருக்கும்போதுதான். சுருக்குவதை ஒரே முறை செய்துவிட்டு, அப்படியே நகலெடுத்து எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அந்தச் சுருக்கம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படம், சுருக்காத நிலையில் சுமார் 3.1 எம்பி. நொடிக்கு 30 படம் என்றால் 93 எம்பி, அதாவது ஏறத்தாழ 750 மெகாபிட். நேரலைக்கு நாம் அனுப்புவதோ நொடிக்கு 4.5 மெகாபிட். இரண்டு நொடியின் 60 படங்களும் சேர்ந்து சுமார் 1.1 எம்பியில் அடங்கிவிடுகின்றன. சுருக்காத ஒரே ஒரு படத்தில் பாதிகூட இல்லை!

போர்டுக்கு மேலே கேமரா மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் படம் முழுதாக எழுதப்படும். அதற்குக் கீஃப்ரேம் என்று பெயர், அவ்வப்போது இப்படி ஒன்று வரும். இடையில் வரும் படங்களில் மாற்றம் மட்டும்தான். எச்.264 என்ற சுருக்கும் முறை படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஸ்ட்ரைக்கர் பட்டு சிவப்புக் காய் ஓடினால், அந்தக் காயை மறுபடி வரைவதில்லை. "முந்தைய படத்தில் இருந்ததை வலப்பக்கம் 11 புள்ளி, மேலே 4 புள்ளி தள்ளி வை" என்று தூரமும் திசையும் மட்டும் எழுதப்படும். அசையாத பலகைக்கும் கோடுகளுக்கும் "மாற்றமில்லை" என்ற குறிப்பே போதும். தள்ளி வைத்த பிறகும் நிழல், வெளிச்சம் என்று சிறு வித்தியாசம் மிஞ்சும். அதைக் கொசைன் அலைகளின் கூட்டலாக மாற்றி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுவார்கள். தரம் போவது இந்த இடத்தில்தான்.

கொசைன் அலையைக் கொண்டு படத்தைச் சுருக்கும் யோசனை பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுடையது. 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறை. நசீர் அகமது விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உங்கள் போனில் இருக்கும் ஜேபெக் படம் முதல் நேரலை வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. எளிமை என்பதை ஒரு குறையாக எழுதி நிதியை மறுக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு டியூப்லைட் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவின் ஷட்டர் 1/60 நொடியில் இருந்தால் படத்தில் வெளிச்சப் பட்டைகள் நகரும். உடனே "மாற்றமில்லை" என்று சொல்ல ஒரு கட்டமும் மிஞ்சாது. காய்களுக்குப் போக வேண்டிய பிட்டுகளைப் பலகையே தின்றுவிடும், பிரேக் அடிக்கும்போது காய்கள் கூழாகத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். கேமராவைப் பந்தல் கம்பத்தில் கட்டாதீர்கள். காற்றில் கம்பம் ஆடினாலும் இதே கதைதான்.

இனி நகல். நேரலை அனுப்ப உதவும் ஓபிஎஸ் மென்பொருளில் பல இடங்களுக்கு அனுப்பும் ப்ளக்இன் இருக்கிறது. அதில் ஓபிஎஸ்ஸின் என்கோடரையே, அதாவது படத்தைச் சுருக்கும் பகுதியையே, பகிர்ந்துகொள்ளும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். புது என்கோடர் கொடுத்தால் லேப்டாப் இரண்டு முறை சுருக்க ஆரம்பித்துவிடும். வீடியோ 4.5, ஆடியோ 0.13 என்று ஓர் இடத்துக்கு 4.63 மெகாபிட். இரண்டு இடத்துக்கு 9.3. ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டால் 13 மெகாபிட் அப்லோடு நிலையாக வேண்டும். வீட்டு ஃபைபர் இதைத் தாங்கும். கூட்டம் கூடிய தெருவில் போன் ஹாட்ஸ்பாட் தாங்காது. தவிர, ஒரே இடத்துக்கு அனுப்பினாலே 2 ஜிபி டேட்டா ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

நெட் குறைவு என்றால் நகலெடுக்கும் வேலையை வெளியே தள்ளுங்கள். ரீஸ்ட்ரீம் போன்ற சேவைக்கோ, வாடகைக்கு எடுத்த சிறு சர்வருக்கோ ஒரே ஓடையாக அனுப்பினால் அது இரண்டாக்கி அனுப்பும். சொந்த சர்வர் என்றால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளும், நேரலை ஓடையை வாங்கி அனுப்பும் அதன் ஆர்டிஎம்பி மாட்யூலும் போதும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு 'புஷ்' வரி. வீடியோவை அது பிரித்துப் பார்ப்பதே இல்லை. கடிதத்தை உறை பிரிக்காமல் மாற்றி அனுப்பும் தபால் நிலையம் போல. ஃபேஸ்புக் மட்டும் ஆர்டிஎம்பியின் பூட்டிய (மறையாக்கிய) வடிவமான ஆர்டிஎம்பிஎஸ் வழியாகத்தான் வாங்கும். அந்த மாட்யூலுக்குப் பூட்டத் தெரியாது, நடுவில் எஸ்டனல் என்ற சிறு நிரலை வைக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. சொந்த சர்வருக்கு அனுப்பும்போது ஓடை கடைசியில் எங்கே போகிறது என்று ஓபிஎஸ்ஸுக்குத் தெரியாது. கீஃப்ரேம் இடைவெளி ஆட்டோவில் இருந்தால் எக்ஸ்264 என்கோடர் 250 படங்கள் வரை, அதாவது எட்டு நொடிக்கு மேல், கீஃப்ரேமே போடாமல் ஓட்டலாம். நடுவில் அறுந்து மறுபடி சேரும் இடம் அடுத்த கீஃப்ரேம் வரும் வரை எதையும் வரைய முடியாது, ஏனென்றால் கையில் இருப்பது "தள்ளி வை" என்ற கட்டளைகள் மட்டும். எதைத் தள்ளுவது? அதனால் இடைவெளியை 2 நொடி என்று கையால் போடுங்கள், பிட்ரேட்டை சிபிஆரில், அதாவது எப்போதும் ஒரே அளவில், வையுங்கள்.

இன்ஸ்டாகிராமையும் சேர்க்க ஆசைப்பட்டால், அதற்கு நிமிர்ந்த படம் வேண்டும். அது நகல் ஆகாது, இன்னொரு சுருக்கம்.

போட்டிக்கு முந்தைய நாளே கணக்குகளைப் பாருங்கள். யூடியூபில் முதல் முறை நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். ஃபேஸ்புக் 60 நாள் பழைய கணக்கும் 100 ஃபாலோயர்களும் கேட்கிறது. மைக் செட்காரரிடம் ஆட்டம் முடியும் வரை சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிப்புரிமைச் சோதனை இரண்டு தளத்திலும் தனித்தனியாக நடக்கும். ஒன்றில் ஓடிக்கொண்டே இருக்கும்போது மற்றதில் சத்தம் போய்விடலாம். அதனால் இரண்டு போனில் இரண்டையும் திறந்து, ஹெட்போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள்.