பாலத்தின் காலடியில் ஆறு தோண்டும் குழி

காவிரியின் குறுக்கே மொத்தம் எத்தனை பாலங்கள் இருக்கின்றன என்று குளித்தலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். தினமும் ஆற்றைக் கடந்து முசிறிக்கு வேலைக்குப் போய்வருகிறவர். கேள்வி சின்னதுதான். ஆனால் தலைக்காவிரி முதல் பூம்புகார் வரையிலான சுமார் 800 கிலோமீட்டரை ஒரு நோட்டில் வரிசைப்படுத்த உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. எதைப் பாலம் என்று எழுதுவது?

ஒகேனக்கல்லில் பரிசல் போகிறது. மேட்டூருக்குக் கீழே, பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகில் ஏறி மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறார்கள். மாயனூரில் கதவணையின் மேலேயே சாலை இருக்கிறது. கல்லணை நீரைப் பிரிக்கக் கட்டியது, அதன் முதுகிலும் வண்டி போகிறது. 1836-ல் கட்டிய அணைக்கரையின் கதையும் அதேதான். போதாததற்கு, முக்கொம்பில் ஆறே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்துப் பாலங்களைக் காவிரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், வெள்ளக் காலத்தில் தண்ணீரின் பெரும்பகுதி போகிற வழியையே விட்டதாகிவிடும்.

அதனால் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு விதமாகப் பட்டியலைப் பிரித்தேன். பாலத்தின் கால் எதில் ஊன்றியிருக்கிறது? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திவான் பூர்ணையா 1804-ல் கட்டிய வெல்லெஸ்லி பாலம், செதுக்காத கல் தூண்களைப் பாறையில் பொருத்தி எழுப்பியது. பாறைமேல் நிற்பதில் பெரிய புதிர் எதுவும் இல்லை. திருச்சியை நெருங்க நெருங்க நிலைமை தலைகீழ். தோண்டத் தோண்ட மணல். அந்த மணலில் ஆயிரக்கணக்கான டன் எடையை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதும், ஆறு அதை எப்படிச் சாய்க்கப் பார்க்கிறது என்பதும்தான் எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த பகுதி.

ஆடிப்பெருக்கன்று படித்துறையில் இறங்கி நின்றவர்களுக்குப் பாதி விஷயம் காலுக்கே தெரியும். கணுக்கால் அளவு ஓட்டத்தில் அசையாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள மணல் கரைந்து போய், பாதம் மெல்ல உள்ளே இறங்கும். யாரும் தோண்டவில்லை. நீங்கள் நின்றதுதான் காரணம்.

ஆற்றுத் தண்ணீர் மேற்பரப்பில் வேகமாகவும், தரையை ஒட்டி மெதுவாகவும் ஓடுகிறது. அது தூணின் முகத்தில் மோதி நிற்கும்போது வேகம் அழுத்தமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்கு. ஆழத்தால் வரும் வழக்கமான அழுத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தூணின் முகத்தில் மேலே அழுத்தம் அதிகம், அடியில் குறைவு. ஆகவே தண்ணீர் தூணை ஒட்டிக்கொண்டே செங்குத்தாகக் கீழே பாய்கிறது. முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆறு, தூணின் முகத்தில் மட்டும் கடப்பாரையாகத் தரையில் இறங்குகிறது. குத்திய இடத்தில் மணலைக் கிளப்பி, வந்த திசையை நோக்கிச் சுருண்டு, தூணை இருபுறமும் கட்டிக்கொண்டு பின்னால் நழுவுகிறது. மேலிருந்து பார்த்தால் அது குதிரை லாடத்தின் வடிவம். லாடச் சுழல் என்று சொல்லலாம். தூணின் பின்பக்கம் குட்டிச் சூறாவளிகள் போலச் செங்குத்துச் சுழல்கள் எழுந்து, கிளம்பிய மணலை உறிஞ்சி எடுத்துப் போகின்றன.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியத் தொடங்கியதும் மேலிருந்து வரும் மணல் அதே குழியில் வந்து படிகிறது. சித்திரை வெயிலில் யாராவது சோதிக்க வந்தால் தூணைச் சுற்றிச் சமதளமான மணல் தெரியும். அடியில் இருப்பது பொலபொலவென்று புதிதாகப் படிந்த நிரப்பு மண். அடுத்த வெள்ளம் வந்தால் அது முதல் சில மணி நேரத்திலேயே கிளம்பிவிடும். ஆபத்து வந்த தடயத்தை ஆறே மூடிவிட்டுப் போகிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதற்குப் பொறியாளர்களிடம் கணக்கு இருக்கிறது. 1930-ஐ ஒட்டி இந்தியக் கால்வாய்களை அளந்து ஜெரால்ட் லேசி உருவாக்கிய சூத்திரம் இன்றும் நம் பாலங்களுக்கு அடிப்படை. ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 10 கன மீட்டர் தண்ணீர் போகிறது, மணல் அரை மில்லிமீட்டர் பருமன் என்று வைத்துக்கொள்வோம். வெள்ள மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு ஆழம் ஏறத்தாழ 5.8 மீட்டர். தூணின் அருகே அதை இரட்டிக்க வேண்டும்: 11.5 மீட்டர். அடித்தளம் அதற்கும் கீழே பிடிமானத்தோடு நிற்க, இன்னும் மூன்றில் ஒரு பங்கு: சுமார் 15 மீட்டர். அதே அகலத்தில் வெள்ளம் இரட்டித்தால் இந்த 15 மீட்டர் 24 மீட்டருக்கு மேல் போய்விடும்.

அவ்வளவு ஆழத்துக்கு மணலில் எப்படி இறங்குவது? விடை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. உறைகிணறு வெட்டுகிறவர்கள் உறையை மேலே வைத்துவிட்டு உள்ளே மண்ணை எடுப்பார்கள், உறை தன் எடையிலேயே கீழே இறங்கும், அதன்மேல் அடுத்த உறை. கீழடியில் சுடுமண் உறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாலத்தின் கிணறு அடித்தளமும் அதேதான், அளவு மட்டும் பெரியது. அடியில் கூரான இரும்பு விளிம்போடு கான்கிரீட் கிணறு ஒன்றைக் கட்டி, உள்ளிருக்கும் மணலை வாரி வெளியே கொட்டுகிறார்கள். கிணறு அரை அடி, ஓர் அடி என்று இறங்குகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் மண்ணெடுத்து நிமிர்த்துகிறார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன்மேல் தூணை எழுப்புகிறார்கள்.

கல்லணையில் இந்த அறிவு இன்னும் பழையது. அடி காணாத மணலில் பெரிய கற்களைப் போட்டார்கள். ஓட்டம் கல்லின் அடியை அரிக்க, கல் தானே புதைந்தது. அதன்மேல் இன்னொரு கல். படித்துறையில் நம் குதிகாலை இறக்கிய அதே அரிப்பை வேலைக்காரனாக வைத்து அடித்தளம் போட்டிருக்கிறார்கள். மணலில் அடித்தளம் அமைக்கும் விதத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றுக்கொண்டார். முக்கொம்பு மேலணையும் அணைக்கரையும் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி திறந்தார்கள். திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சில இறங்கின, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. பக்கத்தில் புதுப் பாலம் 2016-லேயே திறந்துவிட்டதால் மேலே போக்குவரத்து இல்லை. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

அப்போது டீக்கடையில் ஒரு பெரியவர், “ஆறு காவு கேட்குதப்பா” என்றார். பாலம் கட்டினால் நரபலி கொடுப்பார்கள் என்று சொல்லி என்னைச் சிறுவயதில் வீட்டைவிட்டு வெளியே அனுப்பாத பாட்டியின் குரல் அது. அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். எத்தனையோ ஊர்களில் வழிப்போக்கர்கள்மேல் சந்தேகம் விழவும் அடி விழவும் அது காரணமாக இருந்திருக்கிறது. தூணைத் தாங்குவது அதைச் சுற்றியிருக்கும் மணலின் பிடிமானம். லாரி லாரியாக அந்த மணலை அள்ளி ஆற்றின் தரையை மூன்று மீட்டர் இறக்கினால், 15 மீட்டர் என்று போட்ட கணக்கில் மூன்று மீட்டர் காணாமல் போகிறது. தூணுக்குக் கீழே கிணற்றின் உருண்டையான தலை வெளியே தெரிகிறதென்றால், அது எப்போதும் மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டிய பகுதி.

அதனால் என் நோட்டில் பெயர், ஆண்டு, கண்களின் எண்ணிக்கை என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘தூணருகே தரைமட்டம்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான வரிகளில் அது காலி. புதுப் பாலத்துக்குப் பல கோடி ஒதுக்குகிற நாம், நிற்கிற பாலத்தின் அடியை ஆண்டுதோறும் அளக்க ஒதுக்குவது போதாது என்பது என் உறுதியான கருத்து. கல்லூரிகளின் நீரியல் ஆய்வகங்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்.

கருவியும் எளிதானதுதான். தூணின் ஓரமாக மணலுக்குள் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, அதில் காந்தம் பதித்த வளையம் ஒன்றைக் கோத்து விடுகிறார்கள். வளையம் மணல்மேல் உட்கார்ந்திருக்கும். வெள்ளத்தில் குழி விழ விழ அதுவும் குழாயோடு வழுக்கி இறங்கும். வெள்ளம் வடிந்து மணல் மூடும்போது வளையம் மேலே வராது, ஆறு தோண்டிய கடைசி ஆழத்திலேயே புதைந்து கிடக்கும். கோடையில் ஒருவர் வந்து குழாய்க்குள் உணர்கருவியை இறக்கி, அது எங்கே கிடக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளலாம்.