திமிங்கிலம் எதனால் செத்தது? படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது

கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் படம் ஒன்று போனில் வந்தால் போதும், "பிளாஸ்டிக் தின்றிருக்கும்", "கப்பல் மோதியிருக்கும்" என்று அடுத்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அலாஸ்காவின் ஆர்க்டிக் கரையில் செத்த திமிங்கிலங்களை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஒரு சாம்பல் திமிங்கிலம். துடுப்பு முழுக்க ஓர்கா என்னும் கொலையாளித் திமிங்கிலத்தின் பல் தடம், அதனால் ஓர்காதான் கொன்றது என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் எப்போதோ ஆறிப்போன தழும்பு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை வெட்டினால் கத்தி, கையுறை எல்லாம் எண்ணெயாக வழிய வேண்டும், இதில் பிசுபிசுப்புகூட இல்லை. இதயத்தைச் சுற்றியிருந்த கொழுப்பு நுங்கு மாதிரி நீர்கோத்துக் கிடந்தது. உடம்பு தன் கடைசிச் சேமிப்பையும் எடுத்துத் தின்றிருக்கிறது. பட்டினிச் சாவு.

எலும்பு முறிவும் அப்படித்தான். உயிரோடு இருக்கும்போது அடிபட்டால்தான் அந்த இடத்தில் ரத்தம் கட்டும். செத்து மிதக்கும்போது கப்பல் இடித்திருந்தால் எலும்பு உடைந்திருக்கும், சுற்றிலும் சதை வெளிறியே இருக்கும்.

2019-இல் தொடங்கி 2023 வரை மெக்சிகோ, அமெரிக்கா, கனடா கரைகளில் 690 சாம்பல் திமிங்கிலங்கள் ஒதுங்கின. சுமார் 20,500 ஆக இருந்த இவற்றின் மொத்த எண்ணிக்கை 14,500-க்கு இறங்கியது. அறுத்துப் பார்த்தவற்றில் பல எலும்பும் தோலுமாக இருந்தன. காரணத்தைத் தேடினால் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கும் பெரிங், சுக்சி கடல்களின் சேற்றுக்குத்தான் போக வேண்டும். பனிக்கட்டியின் அடியில் வளரும் பாசி உருகும் காலத்தில் கடலடிக்கு இறங்கும், அதைத் தின்று கொழுக்கும் கூனிப்பொடி மாதிரியான ஆம்பிபாடுகளைத்தான் இந்தத் திமிங்கிலம் சேற்றோடு உறிஞ்சி, கோடை முழுக்கத் தின்று, அந்தக் கொழுப்பை வைத்தே மெக்சிகோ வரை போய்த் திரும்பும். கடல் சூடாகிப் பனி குறைந்ததில் அந்தச் சாப்பாட்டுச் சங்கிலியே ஆட்டம் கண்டுவிட்டது.

நோயை அடையாளம் காண நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த அறிவை எங்களுக்குக் கொடுத்தவர்கள் அலாஸ்காவின் வடகோடி ஊரான உத்கியாக்விக் பகுதியில் வாழும் இனுப்பியாத் பழங்குடி வேட்டைக்காரர்கள். தாங்கள் பிடிக்கும் போஹெட் திமிங்கிலங்களைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு ஈரல் நிறம் மாறியிருந்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான்.

சரி, அலாஸ்கா கரையில் செத்த திமிங்கிலத்தைப் பார்த்தால் என்ன செய்வது? தொடாதீர்கள், கிருமி இருக்கலாம். நாற்றத்துக்குக் கரடியும் வரும். கரை ஒதுங்கும் விலங்குகளுக்கான உதவி எண்ணுக்கு அன்றே சொல்லுங்கள். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தக் கொழுப்புப் போர்வை சூட்டை வெளியே விடாது, உள்ளுறுப்புகள் சீக்கிரமே கூழாகிவிடும். தூரத்திலிருந்து பக்கவாட்டில் படம் எடுங்கள், தலைக்குப் பின்னால் பிடரி குழிவிழுந்திருக்கிறதா என்று தெரியும்படி. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அலை உடலை இழுத்துக்கொண்டு போய்விட்டாலும், அது பட்டினி கிடந்ததா என்பதை அந்தக் குழியை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.