விசாவுக்குச் செல்லும் சான்றிதழ் உரிமத்துக்குச் செல்லாது: ஆஸ்திரேலியாவில் கட்டுநர் லைசென்ஸ்

ஊரில் ஆண்டுக்கணக்கில் வீடு கட்டிக் கொடுத்தவர்களும் சிவில் படித்துத் தளத்தில் மேற்பார்வை பார்த்தவர்களும் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததும் சறுக்கும் முதல் இடம் ஒன்றுதான். விசாவுக்காகச் செய்த திறன் மதிப்பீட்டைத் தொழில் உரிமம் என்று நம்பிவிடுகிறார்கள். வெட்டாசஸ், எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா போன்ற அமைப்புகளின் கடிதம் குடிவரவுத் துறைக்கு உரியது. அதைக் காட்டி ஒருவரிடம் வீடு கட்ட ஒப்பந்தம் போட முடியாது. ஒயிட் கார்டும் அப்படித்தான். பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான அட்டை, அவ்வளவே.

உரிமம் வழங்குவது மாநில அரசு. நாடு முழுவதற்கும் ஒரே உரிமம் என்று எதுவும் இல்லை. உரிமம் இல்லாமல் எவ்வளவு தொகைக்கு வேலை எடுக்கலாம் என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வீட்டுக் கட்டட வேலைக்கு, கூலியும் பொருளும் சேர்த்து, நியூ சவுத் வேல்ஸில் வரம்பு 5,000 டாலர். குயின்ஸ்லாந்தில் 3,300. விக்டோரியாவில் 10,000. மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டட அனுமதி தேவைப்படும் வேலைக்கு 20,000. குழாய், வடிகால், எரிவாயு போன்ற வேலைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிறு தொகைக்கும் உரிமம் கேட்பார்கள். ஒரே வேலையை மூன்று பில்லாகப் பிரித்துப் போட்டால் தப்பிக்கலாம் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். முழு வேலையின் மதிப்பைத்தான் பார்ப்பார்கள். குயின்ஸ்லாந்துச் சட்டப்படி, உரிமமில்லாமல் வேலை செய்தவர் தன் சொந்த உழைப்புக்கும் லாபத்துக்கும் பணம் கேட்க முடியாது. பொருளுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதி திரும்பினால் அதிர்ஷ்டம். வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருந்தால் கடைசித் தவணை வராது. இப்படிப் பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கட்டடத் துறையில் நான்காம் நிலைச் சான்றிதழோ (Certificate IV) டிப்ளமோவோ கேட்பார்கள். இதில் எச்சரிக்கை ஒன்றே ஒன்று. முன் அனுபவத்தை ஏற்றுச் சில நாளில் சான்றிதழ் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்தால் விலகி நில்லுங்கள். மதிப்பீடே செய்யாமல் சான்றிதழ் விற்ற பயிற்சி நிறுவனங்கள் பிடிபட்டு, 2024இல் பயிற்சித் துறை ஒழுங்குமுறை ஆணையம் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்தது. காசு போனது மாணவருக்கு.

பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது அனுபவத்தில். விக்டோரியா மூன்று ஆண்டு கேட்கிறது, நியூ சவுத் வேல்ஸ் இரண்டு ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியா இவற்றைவிட அதிகம். எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். எத்தனை ஆண்டு என்பதைவிட, யாரிடம் வேலை செய்தீர்கள், எந்த வேலை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. அடுக்குமாடிக் கட்டடங்களில் பத்து ஆண்டு சென்டரிங் மட்டுமே அடித்தவருக்கு வீடு கட்டிய அனுபவம் இருப்பதாக அலுவலகம் எடுத்துக்கொள்ளாது. அடித்தளம், சட்டகம், கூரை, உள்வேலை என்று பலவற்றிலும் கை வைத்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் கூலி வாங்கிய காலத்துக்குச் சம்பளச் சீட்டோ வரிக் கணக்கோ இருக்காது. ரொக்கம் கொடுத்த முதலாளியும் அந்தக் காலத்துக்குக் கையெழுத்துப் போட வரமாட்டார்.

உங்கள் அனுபவத்துக்குச் சான்றளிக்கும், உரிமம் பெற்ற கட்டுநரின் கடிதத்தைக் கவனியுங்கள். "இவர் மூன்று ஆண்டு என்னிடம் நன்றாக வேலை செய்தார்" என்று எழுதி வாங்கினால் அது நற்சான்றிதழ் ஆகுமே தவிர ஆதாரம் ஆகாது. தளத்தின் முகவரி, தொடங்கிய மாதம், முடிந்த மாதம், அந்த வீட்டில் நீங்கள் செய்தது என்ன, மேற்பார்வை செய்தது என்ன என்று ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக வேண்டும். கையெழுத்திடுபவரின் உரிமம் அந்தக் காலம் முழுவதும் உயிரோடு இருந்ததா, உங்களுக்கு வேண்டிய வகையைச் சேர்ந்ததா என்று மாநிலத்தின் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்த்துவிடுங்கள். இடையில் ஆறு மாதம் காலாவதி ஆகியிருந்தால் உங்கள் ஆறு மாதமும் கேள்விக்குறிதான். இந்தக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். தனியாகத் தொழில் தொடங்கப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு பழைய முதலாளி போனை எடுப்பார் என்பது நிச்சயமில்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பட்டத்தில் "எஸ். ராஜேந்திரன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி "ராஜேந்திரன் சுப்பிரமணியம்", தளத்தில் எல்லோருக்கும் "ராஜ்". மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, விண்ணப்பத்தோடே வையுங்கள். அவர்கள் கேட்டபின் அனுப்பினால் கோப்பு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகக்கூடும்.

அடுத்தது, எதற்கான உரிமம் என்பது. மேற்பார்வையாளர் தகுதியும் ஒப்பந்ததாரர் உரிமமும் வேறு வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இவற்றுக்குத் தனித்தனிப் பதிவு. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போட்டால் உரிமமில்லாதவர் கணக்கில்தான் சேர்வீர்கள். வரி ஆலோசகர் சொன்னார் என்று கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, உரிமத்தை மட்டும் தன் பெயரில் வைத்திருப்பவர்கள் ஏராளம். கம்பெனிக்குத் தனி உரிமம் வேண்டும். குயின்ஸ்லாந்தில் பணபலத்தையும் பார்ப்பார்கள்: ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலர் வரையிலான முதல் படிக்கே 12,000 டாலர் நிகரச் சொத்து காட்ட வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 20,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு, வாடிக்கையாளர் பெயரில் காப்பீடு எடுக்காமல் முன்பணம் வாங்குவதே குற்றம். உரிமம் கிடைத்தும் காப்பீட்டுத் தகுதி கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ஒரு மாநில உரிமத்தோடு அடுத்த மாநிலத்துக்குப் போக 1992ஆம் ஆண்டின் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் உதவும். முறையாக அறிவிப்புக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் அந்த ஒரு மாதத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்பது கணக்கில் வராது. 2021 ஜூலையில் தொடங்கிய தானியங்கி அங்கீகாரம், அதாவது ஒரு மாநில உரிமத்தை அடுத்த மாநிலம் தானாகவே ஏற்கும் முறை, இன்னும் எளிது. ஆனால் குயின்ஸ்லாந்து தொடக்கத்தில் அதில் சேரவில்லை. போகும் மாநிலத்தில் உங்கள் உரிம வகை அடங்குகிறதா என்று பார்த்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். இந்த வழிகள் தனிநபருக்கு மட்டுமே. கம்பெனி உரிமம் எல்லை தாண்டாது. உள்ளூர்க் காப்பீட்டு விதிகளும் விலகாது.

அலைச்சல் தாங்காமல் யாரோ ஒருவரின் உரிம எண்ணை மாத வாடகைக்கு எடுப்பது நம் வட்டத்தில் சகஜமாகிவிட்டது. பிடிபட்டால் கொடுத்தவர் உரிமத்தை இழப்பார். நீங்கள் பின்னால் விண்ணப்பிக்கும்போது அதுவே உங்கள் நேர்மைக்கு எதிரான சாட்சியாக வரும்.

மறுப்புக் கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் மறுபரிசீலனை கேட்க 28 நாள்தான். மற்ற மாநிலங்களின் கெடு அந்தந்தக் கடிதத்திலேயே இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில்.