வயோந்த் அணை உடையவே இல்லை

"அக்கா, உடைஞ்ச இடம் எங்கே?"

போன மாதம் வயோந்த் அணைக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு தம்பி கேட்டான். சிவில் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு இத்தாலி வந்தவன். கண்ணெதிரே 261 மீட்டர் உயரச் சுவர் முழுசாக நிற்கிறது. அதில் எங்காவது பிளவு தெரிகிறதா என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். மலைச்சரிவுகளை அளப்பது என் தொழில். வட இத்தாலியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கே அழைத்துவருவது வழக்கம் என்பதால் இந்தக் கேள்வியை வருடா வருடம் கேட்கிறேன். பொறுமையாகவே பதில் சொல்லிவந்தேன். அடுத்த வாரம் ஒரு பயிற்சி வகுப்புக்கான பாடக் குறிப்பு என்னிடம் சரிபார்க்க வந்தது. 'உலகின் உடைந்த அணைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் பெயரே வயோந்த். எழுதியவர் மாணவர் இல்லை, பாடம் நடத்துபவர். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

வயோந்த் அணை உடையவில்லை. 1963 அக்டோபர் 9 இரவு 10.39 மணிக்கு உடையவில்லை, அதற்குப் பிறகும் உடையவில்லை. மேல் விளிம்பில் கொஞ்சம் பெயர்ந்தது, அவ்வளவுதான். 1960-இல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான வளைவு அணை அது. இன்றும் அங்கேயே நிற்கிறது. உடைந்தது மலை. அணைக்குத் தெற்குப் பக்கம் இருக்கும் தோக் மலையின் வடக்குச் சரிவு, சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே துண்டாக வழுக்கி நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. 26 கோடி கன மீட்டருக்கும் மேல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேக்கத்தில் இருந்த தண்ணீருக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு பகுதி எதிர்க்கரை ஏறியது. இன்னொரு பகுதி அணைக்கு மேலே நூறு மீட்டருக்கும் அதிகமாக எழும்பி, மலைகளுக்கு நடுவே உள்ள குறுகிய பிளவு வழியே பியாவே ஆற்றுப் படுகைக்குள் பாய்ந்தது. அந்தப் பிளவின் வாயில் லோங்கரோனே இருந்தது. சில நிமிடங்களில் ஊர் இல்லை. மொத்தம் 1,900 பேருக்கு மேல் இறந்தார்கள்.

உடைந்தது அணையோ மலையோ, செத்தவர்கள் செத்தவர்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 'அணை உடைந்தது' என்று நினைப்பவர் கான்கிரீட்டைத்தான் சோதிப்பார். சிமெண்ட் கலவை சரியா, கம்பி சரியா, வடிவமைப்புச் சரியா என்று பார்ப்பார். வயோந்தில் அத்தனையும் சரி. அணையைக் கட்டியவர்கள் அருமையாகக் கட்டினார்கள். தண்ணீரைத் தாங்கி நின்ற சரிவைத்தான் யாரும் வேண்டிய அளவு கேட்கவில்லை. பாடத்தில் 'உடைந்த அணை' என்று எழுதினால், படிக்கிற பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகும்போது சுவரைத் தட்டிப் பார்ப்பான். பக்கத்து மலையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். என் ஆத்திரம் அதில்தான்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: "ஏரி எங்கே அக்கா?" அணைக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த ஒரு பச்சைக் குன்று தெரியும். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் ஏரியைத் தேடுவார்கள். அந்தக் குன்றுதான் சரிந்து வந்த மலை. ஏரி இருந்த இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. எர்த்தோ என்ற ஊர்ப் பக்கம் மிச்சமாக ஒரு சின்னக் குளம் மட்டும் உண்டு. தலையைத் தூக்கித் தோக் மலையைப் பாருங்கள். M எழுத்துப் போல ஒரு கீறல், அதன் கீழே தோலுரித்த மாதிரி வழவழப்பான வெள்ளைப் பாறைப் பலகை. வழுக்கிய தளம் அது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

சரி, இனி ஊர்களுக்கு வருகிறேன். அணையைப் பார்த்துவிட்டு அரை மணியில் வண்டி ஏறிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். இந்தப் பள்ளத்தாக்கு என்றால் அது ஊர்கள்தான்.

முதலில் எர்த்தோ. அணையைத் தாண்டி மேலே ஏறினால் வரும். கல்வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் சரிவோடு ஒட்டி நிற்கும். நிலம் சின்னது, வறண்டது. குளிர்காலத்தில் ஆண்கள் மரத்தில் கரண்டி, கிண்ணம் செதுக்குவார்கள். பெண்கள் அதை எடுத்துக்கொண்டு சமவெளி ஊர்களில் மாதக்கணக்கில் நடந்து விற்பார்கள். பேச்சும் தனி. பக்கத்து ஊர் காஸ்ஸோ கூப்பிடு தூரம், ஆனால் அங்கே பேசுவது வேறு வழக்கு. புனித வெள்ளியன்று எர்த்தோக்காரர்களே வேடமிட்டு இயேசுவின் பாடுகளை ஊர்த் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க் காலத்து நேர்த்திக்கடன் என்பது ஊர் வழக்கு. மலை சரிந்த பிறகு அரசு எல்லாரையும் வெளியேற்றியது. ஒரு பகுதி மக்களுக்குச் சமவெளியில் மனியாகோவுக்குப் பக்கத்தில் புது ஊர் கட்டி, 1971-இல் அதற்கு வயோந்த் என்றே பெயர் வைத்தார்கள். வேறு சிலர் தடையை மீறித் திரும்பி வந்தார்கள். சொந்த வீட்டுக்குள் போகச் சட்டத்தை மீற வேண்டியிருந்த ஊர் அது. பழைய எர்த்தோவின் சந்துகளில் இன்றும் பூட்டிய கதவுகள் நிறைய. அவற்றைத் தள்ளிப் பார்க்காதீர்கள். ஆளில்லாத வீடு என்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது. பழைய உத்தரங்கள் உங்கள் தலையில் விழவும் கூடும்.

ஊரில் ஃப்ரியூலி டோலமைட் இயற்கைப் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. அணையின் மேல்விளிம்பில் நடக்க வேண்டுமென்றால் வழிகாட்டியோடுதான் போக முடியும், அதுவும் எல்லா மாதமும் கிடையாது. தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நேரே வந்து வேலி தாண்ட முயன்ற இருவரை நானே திட்டி அனுப்பியிருக்கிறேன்.

காஸ்ஸோவுக்குக் கட்டாயம் போங்கள். ஒடுக்கமான, நாலைந்து மாடி உயரக் கல்வீடுகள். கோபுரம் கோபுரமாக நிற்கும். ஜன்னல்கள் நேரே தோக் மலையைப் பார்த்தபடி. அணையின் விளிம்பை விட இருநூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது இந்த ஊர். அவ்வளவு உயரத்தில் இருந்தும் அன்றிரவு தண்ணீரும் கல்லும் எதிர்க்கரை ஏறி வந்து இதன் கீழ்வீடுகளை அடித்தன. அலை எவ்வளவு உயரம் என்று புத்தகத்தில் எண்ணாகப் படிப்பது வேறு. காஸ்ஸோ தெருவில் நின்று கீழே அணையைக் குனிந்து பார்ப்பது வேறு. பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடம் 2012 முதல் சமகாலக் கலைக்கூடமாக இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய் வாருங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தோக் என்ற பெயரையே அழுகியது, ஊறிப்போனது என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லோடு சேர்த்துத்தான் இங்கே சொல்வார்கள். அணைக்காக நிலம் போவதை எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். தீனா மெர்லின் என்ற பத்திரிகையாளர் அவர்கள் சொன்னதை 1959-இல் எழுதினார். பொய்ச் செய்தி பரப்பி மக்களைக் கலவரப்படுத்தினார் என்று அவர் மேல் வழக்கு. 1960 நவம்பரில் மிலான் நீதிமன்றம் விடுவித்தது. அந்த மாதமே, நவம்பர் 4-ஆம் தேதி, தோக் மலையிலிருந்து 7 லட்சம் கன மீட்டர் சரிந்து ஏரியில் விழுந்திருந்தது. மேலே M வடிவ விரிசல் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வாய் திறந்தது. பக்கத்துச் சோல்தோ பள்ளத்தாக்கில் போன்தெசேய் நீர்த்தேக்கத்துக்குள் 1959 மார்ச்சிலேயே ஒரு சரிவு விழுந்து, அலை எழுந்து, ஓர் உயிர் போயிருந்தது. அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் மகன் எதுவார்தோ நிலவியலாளர். இங்கே பழங்காலத்து மாபெரும் நிலச்சரிவு ஒன்று படுத்துக் கிடக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். அதன் அடிப்பாகத்தைத் தண்ணீரில் நனைத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? நீர்த்தேக்கத்தின் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். சரளைக் கல்லைச் சரியவிட்டு அலையை அளந்தார்கள். தேக்கத்தின் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டரில் வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. அன்றிரவு நீர்மட்டம் கிட்டத்தட்ட அதே 700 மீட்டர்தான். துண்டு துண்டாக, மெதுவாகச் சரியும் என்று எடுத்துக்கொண்ட அனுமானத்தைக் கேட்க மலை வரவில்லை. (மாதிரியின் முடிவை எடுத்துக்கொண்டு என்னிடம் வரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் கேட்பது அனுமானங்கள் எழுதிய பக்கத்தைத்தான். பாதிப் பேர் அதை அச்சடித்துக் கொண்டுவருவதில்லை.) கடைசி நாட்களில் சரிவு ஒரு நாளைக்கு இருபது சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. தோக் மலையில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி அக்டோபர் 8-ஆம் தேதி உத்தரவு போட்டார்கள். கீழே லோங்கரோனேவுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் இரவு ரியல் மாட்ரிட் – ரேஞ்சர்ஸ் கால்பந்தாட்டம் தொலைக்காட்சியில் ஓடியது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாதவர்கள் சுற்று ஊர்களிலிருந்து லோங்கரோனேவின் பார்களுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

லோங்கரோனேவில் இறங்குபவர்கள் பழைய ஊரைத் தேடுவார்கள். கிடைக்காது. வடக்கே உயரத்தில் இருந்த சில வீடுகள் தவிர இப்போது தெரிவதெல்லாம் பிறகு கட்டியது. பழையதில் நின்றது பிராகோ என்ற பகுதியின் தேவாலய மணிக்கூண்டு. சுற்றிலும் எல்லாம் போக, அது மட்டும் நிமிர்ந்து நிற்கும் அன்றைய கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். புதிய தேவாலயத்தை வடிவமைத்தவர் ஜொவான்னி மிகெலூச்சி. வட்டமாகச் சுருண்டு ஏறும் கான்கிரீட் கட்டடம். பலருக்குப் பிடிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடிக்கும். மேலே ஏறி நின்று பிளவின் வாய் வழியே அணையைப் பாருங்கள். அந்த நேர்க்கோடு புரிந்தால் போதும், எந்தப் படமும் வேண்டாம். ஊர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

துயரத்தை மட்டும் தேடி வராதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோதிஸ்ஸாகோவில் பியாவே தெப்பக்காரர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மலைகளின் மரத்தைத் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு வெனிஸ் வரை ஓட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். ஐஸ்கிரீம் தொழிலும் இந்தப் பக்கத்துச் சொத்து. சோல்தோ, காதோரே பள்ளத்தாக்குக்காரர்கள் ஜெர்மனி வரை போய்க் கடை வைத்தார்கள். 1959-இல் தொடங்கிய ஐஸ்கிரீம் கண்காட்சி இன்றும் லோங்கரோனேவில்தான் நடக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார் எடுத்துக்கொள்ளுங்கள். பதுவா – கலால்ட்சோ ரயில் பாதையில் லோங்கரோனே நிலையம் உண்டு, ஆனால் அணையும் மேல் ஊர்களும் ஏற்றத்தில் இருக்கின்றன. பாதை பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே போகிறது. நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பெருமழைக்கு அடுத்த நாள் மேலே போக வேண்டாம். கல் விழும். பிளவுக்குள் இறங்காதீர்கள். சரிந்த குன்றின் மேல் குறுக்கு வழி தேடாதீர்கள், போட்ட பாதையில் நடங்கள்.

மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் எங்கே இருந்தாலும் இதைக் கேளுங்கள். வீட்டுக்கு மேலே தரையில் வளைவான விரிசல் வந்தால், மரங்கள் ஒரே பக்கம் சாய ஆரம்பித்தால், நேற்று வரை மூடிய கதவு இன்று மூடாவிட்டால், ஊற்று திடீரென்று கலங்கினால் அல்லது இடம் மாறினால், சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். தயவுசெய்து. விரிசலின் இரு பக்கமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். விரைவில் கூடுகிறது என்றால் அளப்பதை விட்டுவிட்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். அந்த ஆணிக் கணக்கு எங்கள் கருவிகளுக்கு முந்தைய மாதங்களைச் சொல்லும். அதைக் கொண்டுவரும் பாட்டிமார்களை நான் கும்பிடுவேன்.

கடைசியாக ஃபோர்தோஞா. லோங்கரோனேவுக்குத் தெற்கே இருக்கும் கல்லறைத் தோட்டம். ஒரே அளவில் 1,910 வெள்ளைப் பளிங்குக் கற்கள், வரிசை வரிசையாக. கிடைத்த உடல்களில் பெரும்பகுதியை யார் என்றே அடையாளம் காண முடியவில்லை. அதனால் கல்லில் இருக்கும் பெயருக்கும் அடியில் இருப்பவருக்கும் தொடர்பு இல்லை. அங்கே கைபேசியை உள்ளே வையுங்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள். கேள்வி கேட்ட அந்தத் தம்பியை அன்று மாலை அங்கேதான் கூட்டிப்போனேன். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும் வரிசை ஒன்றின் முன்னால் நின்று எண்ண ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திவிட்டான். பாடக் குறிப்பை எழுதியவருக்குத் தலைப்பை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் மறுபடியும் எழுதுவேன்.