பத்தடுக்கு: ‘ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்’ தமிழில் என்ன?

வானியற்பியல் படிக்கிறவர்கள் “விடை ரெண்டு ஆர்டர் தள்ளிப் போச்சு” என்றால் இரண்டு மடங்கு பிசகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நூறு மடங்கு பிசகியிருக்கிறது. ஒரு ஆர்டர், முழுப்பெயர் ‘ஆர்டர் ஆஃப் மேக்னிட்யூட்’, என்றால் பத்து மடங்கு, இரண்டு நூறு, மூன்று ஆயிரம்.

மேக்னிட்யூட் வந்தது லத்தீனின் ‘மேக்னஸ்’ என்பதிலிருந்து, பொருள் ‘பெரிய’. ஆர்டர், அதே மொழியில் வரிசையைக் குறிக்கும் ‘ஓர்டோ’. இரண்டையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டவைத்ததுதான் ‘பருமன் வரிசை’ என்ற தமிழாக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு உடல் பருமன்தான் நினைவுக்கு வந்தது. அதுகூடப் பரவாயில்லை, விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்ணுக்கும் மேக்னிட்யூட் என்றே பெயர். 1856இல் வானியலாளர் நார்மன் போக்சன் வகுத்தபடி ஐந்து மேக்னிட்யூட் கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும், அதாவது ஒரு ஆர்டருக்கு இரண்டரை மேக்னிட்யூட். இரண்டுக்கும் ‘பருமன்’ என்று போட்டால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

என் ஓட்டு ‘பத்தடுக்கு’க்கு. 10³ என்பதில் மேலே நிற்கும் 3ஐ அடுக்கு என்றுதானே பள்ளியில் படித்தோம்? அந்த அடுக்கு ஒன்று ஏறினால் மதிப்பு பத்து மடங்கு, அவ்வளவுதான் விஷயம். இப்படி அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு விடை தேடுவதற்குத் தனிச்சொல் தேடவே வேண்டாம், ‘குத்துமதிப்பு’ இருக்கிறது. (‘சுமார்’ என்றும் சொல்லலாம், ஆனால் அது பாரசீகத்திலிருந்து வந்தது, அங்கே அதற்குப் பொருள் ‘எண்ணிக்கை’.)

சரி, ஒன்று போட்டுப் பார்ப்போம். சூரியன் எதை எரித்து ஒளிர்கிறது? அதன் நிறை 2×10³⁰ கிலோ, நொடிக்கு வெளிவிடும் ஆற்றல் 4×10²⁶ ஜூல். முழுக்க நிலக்கரி என்று வையுங்கள், ஆக்சிஜனுக்கு எங்கே போவது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கிலோவுக்கு 3×10⁷ ஜூல், மொத்தம் 6×10³⁷. வகுத்தால் 1.5×10¹¹ நொடி. ஒரு ஆண்டுக்கு ஏறத்தாழ 3×10⁷ நொடி என்பதால் 5,000 ஆண்டு. பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டு, கிட்டத்தட்ட ஆறு பத்தடுக்கு இடிக்கிறது! நிலக்கரிக்குப் பதில் வேறு எரிபொருள் போட்டாலும் ஒரு பத்தடுக்குதான் நகரும், ஆகவே வேதிவினை மொத்தமும் காலி. தன் ஈர்ப்பில் சுருங்கிச் சூடாகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர்கள் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்னார்கள், அதில் கிடைப்பது 3 கோடி ஆண்டு, இன்னும் இரண்டு பத்தடுக்கு குறைகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணுக்கரு இணைவில் நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாகிறது. சூரியனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அப்படி இணைந்தாலே 1,000 கோடி ஆண்டு ஓடும். அப்பாடா, பொருந்திவிட்டது. எந்த இடத்திலும் மூன்றா நான்கா என்று நாம் கவலைப்படவே இல்லை, கவனியுங்கள்.

அப்புறம் ஒரு கிறுக்குக் கணக்கு. சூரியனில் கிலோவுக்கு எவ்வளவு வாட்? 4×10²⁶ஐ 2×10³⁰ஆல் வகுத்தால் 0.0002. சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார், கிலோவுக்கு 1.4. எடைக்கு எடை பார்த்தால் நாம்தான் கிட்டத்தட்ட நான்கு பத்தடுக்கு மேலே! முதல் தடவை நான் எங்கேயோ தப்பு விட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன், அதே விடைதான் வந்தது.