எந்தப் பேட்டின் முட்டையை அடை வைக்கிறீர்கள்?

முட்டை குறைந்துவிட்டது என்று வன்னியில் யாரைக் கேட்டாலும் தீனியைத்தான் குறை சொல்வார்கள். தீனியும் காரணமாகலாம். ஆனால் கோழி பார்க்கப் போகும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, போன முறை யாருடைய முட்டையை அடை வைத்தீர்கள் என்பதைத்தான்.

ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு அலைச்சல். அதுவரை முட்டை இல்லை. நாமும் படுத்த கோழிக்கு அதன் முட்டையையே வைக்கிறோம். படுக்காமல் இட்டுக்கொண்டே இருக்கிற பேட்டின் முட்டையோ பொரியலுக்குப் போகிறது. அடைக்குணம் பரம்பரையாக இறங்குவது. இப்படியே போனால் முற்றம் நிறைய அடைக்கோழிதான் மிஞ்சும்.

அடைக்கோழி படுக்கட்டும், முட்டை மற்றதனுடையதாக இருக்கட்டும். பேடுகளின் காலில் வெவ்வேறு நிற நூல் கட்டி, எது இடுகிறதென்று பார்த்து முட்டையில் பென்சிலால் குறியுங்கள். ஒரு கிழமைக்குட்பட்ட, வெடிப்பில்லாத, நடுத்தர முட்டை போதும்.

கையாலும் அறியலாம். பேட்டைத் தூக்கி எச்சத்துவாரத்தின் இருபக்கமும் தட்டுப்படும் மெல்லிய எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடும் கோழி; ஒரு விரலே நெருக்கினால் இப்போது இடவில்லை. இடும் கோழிக்குத் துவாரம் அகன்று ஈரமாக இருக்கும், கொண்டை சிவந்திருக்கும். மஞ்சள் காலுள்ள கோழி தொடர்ந்து இட்டால் கால் வெளிறிவிடும், இறகும் கசங்கிக் கிடக்கும். நோய்க்கோழி என்று நினைத்து அதைத்தான் முதலில் விற்கிறார்கள்! புது இறகும் பளிச்சென்ற மஞ்சள் காலுமாக நிற்பது பெரும்பாலும் முட்டையை நிறுத்தி ஓய்வெடுத்த கோழி.

சேவலை யாரும் கணக்கெடுப்பதில்லை. குஞ்சின் குணத்தில் பாதி அதனுடையது. கொழுத்த சேவல் வியாபாரியின் தராசுக்குப் போக, விலைபோகாத நோஞ்சான் தகப்பனாகிறது. நன்றாக இடும் பேட்டின் மகனில் திடமானதை நிறுத்திவையுங்கள். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒன்று போதும். அதைச் சொந்தத் தாயோடும் சகோதரிகளோடும் சேரவிடாமல், வேறு ஊர்க்காரரின் நல்ல சேவலோடு மாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை இரண்டு கிழமையாவது தனியே அடைத்து வைத்துத்தான் கூட்டத்தில் விட வேண்டும். கோழிகளைக் கொல்லும் ராணிக்கெற் தொற்றுநோய் இப்படி வெளியிலிருந்து வரும் கோழியோடும் வீட்டுக்குள் வரும்.

மாரி மழையில் குஞ்சு தப்புவது கடினம். காலபோக அறுவடை முடிந்து களத்தில் நெல் சிந்திக் கிடக்கும் மாசி, பங்குனியில் குஞ்சு இறங்குகிற மாதிரி அடை வையுங்கள்.