வெயிட் டைம் என்றால் காத்திருப்பு

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'வெயிட் டைம்'. கேள்வியைக் கேட்டுவிட்டு, யாரையும் பெயர் சொல்லி எழுப்பாமல், விடையையும் தானே போட்டு உடைக்காமல், ஆசிரியர் வாய்மூடி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் அந்தப் பெயர்.

இதைக் கல்வி உலகில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. தொடக்கப் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, அவர்களே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். பிள்ளை விடை சொல்லி முடித்ததும் ஆசிரியர் பொறுப்பது இரண்டாவது வெயிட் டைம். நம்மில் பலர் கோட்டை விடுவது அங்கேதான். பிள்ளை மூச்சு வாங்குவதற்குள் 'சரி, உட்கார்' என்றுவிடுகிறோம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'அவகாசம்' இருக்கிறது. வடமொழியில் இடைவெளி என்று பொருள், பிழையில்லை. ஆனால் 'கால அவகாசம் முடிந்தது' என்று வரி நோட்டீசில் படித்துப் படித்து, அச்சொல்லில் கெடு நாளின் வாடை ஏறிவிட்டது. 'சிந்தனை நேரம்' என்பது கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்டால் பின்னர் முன்வைத்த 'திங்க் டைம்' என்பதற்குப் பொருந்தும். அது மாணவர் பக்கத்தை மட்டுமே காட்டுகிறது, ஆசிரியருக்கு அதில் வேலை இல்லை.

'காத்திருப்பு' என்ற சொல் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. தஞ்சாவூர் ரயில் நிலையமும் டிக்கெட்டின் காத்திருப்புப் பட்டியலும்தான் நினைவுக்கு வந்தன. வேரைப் பார்த்த பிறகு மனம் மாறியது. 'கா' என்றால் காவல் செய். காத்து இருப்பதுதான் காத்திருப்பது. ஆங்கில 'வெயிட்' என்பதும் 'கண்காணி' என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழியும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாளாகும். கடைமடைக்கு இன்னும் பல நாள். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், இரவில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்; வருகிற தண்ணீரைக் காக்கவும் செய்கிறார். கண் அசந்தால் மேல் வயல்காரர் மடையைத் திருப்பிவிடுவார்.

வகுப்பில் மேல் வயல், முதல் பெஞ்சு. ஒருமுறை ஐந்தாம் வகுப்பில் கேட்டேன்: 'நெல் வயலில் தண்ணீர் நிற்கலாம், உளுந்து வயலில் நின்றால் பயிர் அழுகிவிடும், ஏன்?' நொடி தாங்காமல் முன்வரிசைப் பையன் எழுந்தான். கையைக் காட்டி அமர்த்தினேன். வகுப்பு அமைதியானது; எனக்கே சங்கடமாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: 'வைக்கோலை ஊதினால் காற்று போகும் ஐயா.' நானும் உடனே பாராட்டாமல் நின்றேன். 'அது வழியாக வேருக்கு மூச்சு போகுமோ?' என்று அவளே முடித்தாள். நெல்லுக்குள் வேர்வரை காற்றை இறக்கும் காற்றறைகள் இருப்பது அவள் பாடப்புத்தகத்தில் இல்லை. அந்த மூன்று நொடியில் நான் செய்த ஒரே வேலை, மடையைத் திருப்பவிடாமல் பார்த்துக்கொண்டதுதான்.

'நொடி' பற்றியும் ஒரு வார்த்தை. தொல்காப்பியம் மாத்திரையை அளக்கக் கண்ணிமையையும் கைநொடியையும் சொல்கிறது. விரலைச் சொடுக்கும் நேரம் அது. அதே 'நொடி'க்கு விடுகதை என்றும் பொருள் உண்டு. கேள்விக்கும் பொழுதுக்கும் ஒரே சொல்! நொடி போடும் பாட்டி, பேரன் தோற்றேன் என்று சொல்லும்வரை விடையைச் சொல்லமாட்டாள். மேரி பட் ரோவை அவள் படித்ததில்லை.

'காத்திருப்பு நேரம்' என்று நீட்டவும் தேவையில்லை. பாடக்குறிப்பேட்டில் கேள்விக்குப் பக்கத்தில் 'காத்திருப்பு 3 நொடி' என்று எழுதினால் போதும். விடைக்குப் பக்கத்திலும் இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம்.